குழலைத் தொடாத குழாய்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் அணியின் மூத்த என்ஜினியர் இரண்டு படங்களை எனக்கு அனுப்பினார். இரண்டும் கறுப்பு நிற அலுமினியக் குழாய்கள். ஒன்றில் சாவித்துவாரம் போன்ற ஓட்டைகள், மற்றதில் நீள்சதுரத் துளைகள். "எதையும் அட்டவணை போட்டுப் பார்க்கிறவன் நீதானே, இதில் எதை எடுக்கலாம்?" என்று கேட்டிருந்தார். அவரும் அவர் மகனும் சேர்ந்து ஒரு ஏ.ஆர்.-15 ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மூரில் அப்பாவும் பிள்ளையும் திண்ணையில் உட்கார்ந்து பழைய புல்லட் வண்டியைப் பிரித்து மாட்டுவார்களே, அந்த மாதிரி. டெக்சஸில் இது பெரிய விஷயமே இல்லை.

எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒருவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு எப்போதும் கூச்சம். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். அந்த வார இறுதி முழுக்கப் போயிற்று. அப்புறம் பல வார இறுதிகள்.

அந்தக் குழாயின் பெயர் ஹேண்ட்கார்டு. ரைஃபிளின் குழலைச் சுற்றி, முன்கை பிடிக்கும் இடத்தில் இருக்கும் உறை. அது இருப்பதற்கான முதல் காரணம் சூடு. பழைய கரும்புகை மருந்துத் துப்பாக்கிகளில் ஒரு குண்டைப் போட்டு, சுட்டு, மறுபடி நிரப்புவதற்குள் குழல் ஓரளவு ஆறிவிடும். 1884-இல் பிரான்ஸில் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். இரண்டே வருடத்தில் அதை வைத்து லெபெல் ரைஃபிள் வந்தது. அடுத்தடுத்துச் சுடலாம், அழுத்தம் அதிகம், வேகம் அதிகம். குழலும் அதற்கேற்பக் கொதித்தது. 1890-களிலிருந்து ஒவ்வொரு ராணுவமாகக் குழலின் மேல்பக்கத்தையும் மரத்தால் மூட ஆரம்பித்தார்கள். ரஷ்யர்களின் 1891 மாதிரி மோசின் ரைஃபிளுக்குக்கூட மேல்மூடி பிற்பாடு சேர்ந்ததுதான். சிப்பாயின் கை வெந்த பிறகுதான் வடிவமைப்பாளருக்கு உறைத்திருக்கிறது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான்.

சரி, கையைக் காப்பாற்றியாயிற்று. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் குழலை மரத்தால் அணைத்துக் கட்டியதும் இன்னொரு பிரச்சினை தலைதூக்கியது.

பள்ளியில் எல்லோரும் செய்திருப்போம். ஸ்கேலின் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சுண்டினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்கேலின் நடுவில் ஒரு விரலை வைத்துவிட்டுச் சுண்டினால் சத்தம் மாறும். விரலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து மறுபடி மாறும். துப்பாக்கிக் குழலும் அந்த ஸ்கேல்தான். பின்முனை ரிசீவரில் இறுகியிருக்கிறது, முன்முனை சும்மா நிற்கிறது. சுடும்போது மொத்தக் குழலும் அதிர்கிறது. அதிர்வின் நடுவே குண்டு வெளியேறுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகள் ஓரிடத்தில் விழும். நடுவில் ஒரு விரல் இருந்து, அந்த விரலின் அழுத்தமும் தடவைக்குத் தடவை மாறினால் சிதறும். குழல் நல்ல குழலா என்பது வேறு கேள்வி. இங்கே பிரச்சினை, இன்று செய்ததை அது நாளையும் செய்யுமா என்பது. சர்வரில் மட்டும் வருகிற, நம் மெஷினில் வராத பிழையைத் துரத்தியவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

இதற்கான விடை 1888-லேயே ஒருவருக்குத் தோன்றிவிட்டது என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. லெபெலைக் கண்டு பதறிய ஜெர்மனி, குழு போட்டு அவசர அவசரமாக ஒரு ரைஃபிளைச் செய்தது. கெவேர் 88. அதில் அர்மான்ட் மீக் என்பவரின் யோசனைப்படி குழலைச் சுற்றி மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றைப் போர்த்தினார்கள். மரக்கட்டை அந்தக் குழாயைத்தான் தொடும், உள்ளே இருக்கும் குழலைத் தொடாது. கைக்கும் சூடு குறைவு, குழலுக்கும் சுதந்திரம். இன்று கடைகளில் ஃப்ரீ ஃப்ளோட் என்று விற்பதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

காகிதத்தில் அருமையான யோசனை. களத்தில் என்ன ஆயிற்று என்றால், குழலுக்கும் உறைக்கும் நடுவே மழைநீர் போய்த் தங்கியது. துடைக்க வழியில்லை, உள்ளுக்குள்ளேயே துரு. மெல்லிய உறை எங்காவது இடித்து நசுங்கினால் அந்தப் பள்ளமே உள்ளே குழலை அழுத்தும். எதைத் தவிர்க்க உறை வந்ததோ, அதை உறையே செய்தது. பத்து வருடம் கழித்து வந்த கெவேர் 98-இல் உறை கிடையாது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. கெவேர் 88-இன் தொடக்க காலத்தில் சில துப்பாக்கிகளின் குழல்கள் வெடித்தன. அவற்றைத் தயாரித்த ஆலைகளில் ஒன்று லுட்விக் லோவே நிறுவனம். யூதர்களுடையது. 1892-இல் ஹெர்மன் ஆல்வார்ட் என்ற யூத வெறுப்பாளர், ஜெர்மன் சிப்பாய்களைக் கொல்வதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்டவை இவை என்று துண்டுப்பிரசுரம் போட்டார். 'யூதத் துப்பாக்கி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவதூறுக்காக ஆல்வார்டுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் நாடாளுமன்றத்துக்கும் போனார். அவசரத்தில் வடிவமைத்த ஒரு பொருளின் குறைக்கு யார் மேலாவது பழி போட்டாக வேண்டியிருந்தது. நான் தேடிப்போனது ஒரு குழாயின் வரலாற்றை. எதைத் தோண்டினாலும் இப்படி ஏதாவது ஒன்று வந்து விழுகிறது.

ஆங்கிலேயர்கள் எதிர்த்திசையில் போனார்கள். அவர்களின் சிறிய லீ-என்ஃபீல்டில் குழலின் வாய்வரைக்கும் மரம். குழலைத் தொடாமல் விடுவதற்குப் பதில், தொடவேண்டிய இடத்தில் அளந்து தொடுவது என்பது அவர்கள் வழி. உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் வைத்த குமிழ், குழலைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். விரலை எடுக்க முடியாதென்றால் விரலின் அழுத்தத்தையாவது மாறாமல் வைப்போம் என்ற நியாயம். அந்த ரைஃபிள்தான் வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் பல காலம் தயாரானது. இந்தியாவில் அதன் பெயர் வெறும் 'த்ரீ நாட் த்ரீ'.

எங்கள் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்தவர். த்ரீ நாட் த்ரீயைத் தொட்டுப் பழகிய கடைசி ஆட்களில் தானும் ஒருவர் என்று சொல்லிக்கொள்வார். அப்புறம் அவர் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். ஞாயிற்றுக்கிழமை போனில் இந்த ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குத் தெரிந்த ஒன்றை நான் கேட்கிறேன் என்று நினைக்கிறேன், குரலே மாறிவிட்டது.

"ஸ்பிரிங்கு கிடக்குதுப்பா. மரம்தான் விஷயம். வெலிங்டன்ல எப்பப் பார்த்தாலும் தூறல், மரம் ஊறிக்கும். வெயில் அடிச்சா காயும். காலையில சுட்டது ஒரு எடத்துல விழும், மத்தியானம் சுட்டா வேற எடம். உஸ்தாத் நம்மளத்தான் வைவாரு, துப்பாக்கிய வைய மாட்டாரு."

"கை சுடுமாப்பா?"

"சுடாம? எஸ்.எல்.ஆர்.ல ரெண்டு மேகசின் காலி பண்ணிட்டுத் தெரியாம குழல்ல கை வெச்சா தோலு கையோட வராது." கொஞ்சம் நிறுத்தி, "நீ எதுக்கு இதெல்லாம் கேக்குற? வாங்கப் போறியா?" என்றார். இல்லப்பா, எழுதறதுக்கு என்றேன். அப்போது அது பொய்.

இனி அமெரிக்கா. யூஜின் ஸ்டோனர் ஹாலிவுட்டில் இருந்த ஆர்மலைட் என்ற சிறு நிறுவனத்தில் 1950-களில் வடிவமைத்த ஏ.ஆர்.-10, அதன் சுருங்கிய வடிவமான ஏ.ஆர்.-15, கோல்ட் நிறுவனம் வழியாக அது ராணுவத்துக்குப் போய் எம்16 ஆன கதை எல்லாம் பலமுறை எழுதப்பட்டது. எனக்கு வேண்டியது முன்கைப் பக்கம் மட்டும். மரம் போய் பிளாஸ்டிக் வந்தது. உள்ளே அலுமினியத் தகடு. வியட்நாம் காலத்து உறை முக்கோணமாக இருக்கும். இடது பாதி வேறு, வலது பாதி வேறு. உடையக்கூடியது, இடது உடைந்தால் வலது உதவாது. 1980-களில் வந்த எம்16ஏ2-வில் உறையை வட்டமாக்கி, மேல் கீழ் என்று பிரித்து, இரண்டு பாதியையும் அச்சு அசலாக ஒன்றாக்கிவிட்டார்கள். கிடங்கில் ஒரே பாகம் இருந்தால் போதும். இதை யோசித்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு காபி வாங்கித் தருவேன்.

ஆனால் பழைய விரல் போகவில்லை. உறையின் முன்விளிம்பு குழலில் மாட்டிய ஒரு தொப்பியில் உட்கார்ந்திருக்கும். பின்விளிம்பை ஸ்பிரிங் வைத்த வளையம் ஒன்று பிடித்திருக்கும். அந்த வளையத்தை அழுத்தி உறையைக் கழற்ற இரண்டு கை போதாது, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக்கொள் என்று ராணுவக் கையேடே சொல்கிறது. உறையைப் பிடிக்கும் கையின் அழுத்தம் நேரே குழலுக்குப் போகும். அதைவிட மோசம், தோள்வாரின் கொக்கி குழலில் பொருத்திய முன்குறிக்குக் கீழே இருக்கிறது. குறிபார்த்துச் சுடுகிறவர்கள் வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். இறுக்க இறுக்கக் குழல் வில்லைப் போல வளையும். எவ்வளவு இறுக்குகிறாரோ அதற்குத் தகுந்தபடி குண்டு விழும் இடம் நகரும்.

ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் வருடாவருடம் நடக்கும் தேசியப் போட்டிகளில் இது பெரிய தலைவலியாக இருந்தது. ராணுவ ரைஃபிள் பிரிவில் துப்பாக்கி பார்ப்பதற்கு ராணுவ ரைஃபிள் மாதிரியே இருக்க வேண்டும் என்பது விதி. எனவே வெளியே அதே வட்டமான பிளாஸ்டிக் உறை, அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு உலோகக் குழாய். குழாய் ரிசீவர் பக்கத்தில் மட்டும் இறுகியிருக்கும். உறையும் வாரும் அந்தக் குழாயைத்தான் பிடிக்கும், குழலைத் தொடாது. மீக்கின் யோசனை நூறு வருடம் கழித்துத் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தது. 1990-களில் அந்தப் போட்டிகளில் எம்14-ஐ இந்தச் சின்ன ரைஃபிள் ஓரங்கட்டியதில், உள்ளே ஒளிந்திருந்த குழாய்க்கும் பங்கு உண்டு. எம்14-இன் கட்டையைப் பிசின் ஊற்றிப் படியவைக்க வேண்டும், நாளாக ஆகத் தளரும், மறுபடி ஊற்ற வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை கிடையாது.

இதற்கு நடுவே கைப்பிடி, விளக்கு, லேசர் என்று துப்பாக்கியின் முன்பக்கத்தில் எதையாவது மாட்டும் தேவை வந்தது. நியூ ஜெர்சியின் பிகாட்டினி ராணுவ ஆய்வகத்தின் பெயரில் 1995-இல் ஒரு தரம் வெளியானது. சம இடைவெளியில் பள்ளம் வெட்டிய தண்டவாளம். அதை உறையின் நான்கு பக்கமும் ஓட்டினார்கள். எந்தப் பொருளையும் எங்கும் மாட்டலாம். ஆனால் கனம், கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை கிழியும். அமெரிக்கர்கள் சீஸ் துருவி என்று கேலி செய்தார்கள். நாம் தேங்காய்த் துருவி என்றிருப்போம். சிறப்புப் படைகளுக்கான இரண்டாம் கட்டத் தொகுப்பில் டேனியல் டிஃபென்ஸ் நிறுவனத்தின் ஃப்ரீ ஃப்ளோட் உறை இடம்பெற்றது. லேசர் துணைக்கருவி குழலோடு சேர்ந்து ஆடாமல் இருக்க வேண்டும் என்பதால், போட்டிக்காரர்களின் ரகசியம் படைக்குப் போயிற்று. அந்த நிறுவனத்தின் பெயரை நினைவில் வையுங்கள்.

அடுத்து வருவதுதான் நண்பரின் கேள்வி. தேவையில்லாத பள்ளங்களைச் சுமப்பதற்குப் பதில் மெல்லிய குழாயில் ஓட்டைகள் போட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மாட்டினால் என்ன? 2012-இல் வில்டார் நிறுவனம் கீமோட் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. சாவித்துவாரம். வரைபடங்களை அப்படியே பொதுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார்கள். துப்பாக்கி உலகத்தின் ஓப்பன் சோர்ஸ். 2014-இன் இறுதியில் மேக்புல் நிறுவனம் எம்-லாக்கை வெளியிட்டது. நீள்சதுரத் துளை, உள்ளே போய்க் கால்வட்டம் திரும்பிப் பிடித்துக்கொள்ளும் நட்டு. பணம் வேண்டாம், ஆனால் உரிமம் வாங்க வேண்டும். எங்கள் அளவுகளின்படி செய்கிறாய் என்று காட்ட வேண்டும்.

பத்து வருடமாக லினக்ஸில் குடியிருப்பவன் நான். மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் கிரேன் ஆய்வு மையம் இரண்டையும் சோதித்து, 2017-இல் முடிவுகள் பொதுவெளிக்கு வந்தன. துணைக்கருவியைக் கழற்றி மறுபடி மாட்டினால் குறி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்கள். எம்-லாக் சராசரியாக 1.3 கலை, கீமோட் 4.9 கலை. ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். இழுத்துப் பிய்க்கும் சோதனையில் எம்-லாக் மூன்று மடங்குக்கு மேல் தாங்கியது. சிறப்புப் படைகள் எம்-லாக் பக்கம் போக, சந்தையும் பின்னாலேயே போயிற்று. கீமோட்டின் பிடிப்பு சாய்வான விளிம்பை நம்பியிருக்கிறது. அந்தச் சாய்வைத் துல்லியமாகக் கடைவது கடினம். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், யார் வேண்டுமானாலும் கொஞ்சம் பிசகாகவும் செய்யலாம். சுதந்திர மென்பொருள் பற்றி நான் கல்லூரியில் போட்ட சண்டைகள் எல்லாம் அன்றிரவு ஞாபகம் வந்தன. தோற்றதில் இப்போதும் வருத்தம் உண்டு.

நண்பருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். எம்-லாக் எடுங்கள். உங்களுடையது 16 அங்குலக் குழல்; 15 அங்குல உறை கையை நீட்டிப் பிடிக்க வசதி, ஆனால் முன்பக்கம் கனக்கும், 13 போதும். முன்குறியோடு ஒட்டிய பழைய வாயுக்கட்டை இருந்தால் நீள உறை அதற்குமேல் ஏறாது, தாழ்ந்த கட்டைக்கு மாற்ற வேண்டும். உறை சுழலாமல் தடுக்கும் பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத விலைமலிவுக் குழாய்கள் வேண்டாம். மிக மெல்லியது என்றால் நுனி வளையும், நுனியில் லேசர் வைக்கப்போகிறீர்களா? கடைசியாக ஒன்று: வெற்று அலுமினியம் பழைய பிளாஸ்டிக்கைவிட வேகமாகக் கையைச் சுடும், மேலே ரப்பர் மூடி வாங்குங்கள். இதை எழுதும்போதே சிரிப்பு வந்தது. கையைக் காக்க வந்த பொருள், குழலைக் காக்கப் போய், கையைக் கைவிட்டிருக்கிறது.

சுடுதளத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். 100 கஜம். என் ஐந்து குண்டுகளும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. பொய் சொல்ல விரும்பவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. வரும் வழியில் எனக்கொன்று கட்டினால் என்ன ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பழைய தொலைக்காட்சிப் பேட்டியைப் பார்த்தேன். 2007. நியூயார்க்கைச் சேர்ந்த கரோலின் மெக்கார்த்தி என்ற நாடாளுமன்ற உறுப்பினர், சில வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் மசோதா கொண்டுவந்திருந்தார். தடைக்கான அடையாளங்களில் ஒன்று குழல் உறை, அதாவது நம் ஹேண்ட்கார்டு. 1994 சட்டத்தில் கைத்துப்பாக்கிகளுக்கு அதே அடையாளம் உண்டு. விசையைத் தொடாத கையைச் சுடாமல் காக்கும் உறை என்றே அதை வரையறுத்திருந்தார்கள். பேட்டி எடுத்தவர், அப்படியென்றால் என்ன என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. தோளில் வைக்கும் ஏதோ ஒன்று, மேலே எழும்பும் என்கிற மாதிரிச் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை அது. நானும் சிரித்தேன். மூன்று மாதப் படிப்பு சிரிக்க வைத்தது.

அப்புறம் அவர் யார் என்று படித்தேன். 1993 டிசம்பர் 7 அன்று லாங் ஐலேண்ட் ரயிலில் ஒருவன் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கரோலினின் கணவர். மகனுக்கு பலத்த காயம். அதுவரை நர்ஸாக இருந்தவர் அதற்குப் பிறகுதான் தேர்தலில் நின்றார். அவன் கையில் இருந்தது கைத்துப்பாக்கி. உறை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. சட்டம் தவறான பாகத்தைப் பிடித்துத் தொங்கியது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் என் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

2022 மே 24 அன்று எங்கள் மாநிலத்தின் யுவால்டி ஊரில், ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த ரைஃபிள் டேனியல் டிஃபென்ஸ் நிறுவனத்துடையது. குழலைத் தொடாத உறையும் அதில் இருந்தது. வகுப்பறைத் தூரத்தில் அந்த உறையால் எந்தப் பயனும் இல்லை. அதை எழுதிய பிறகும் அந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகள் ஒன்றாம் வகுப்பு. வருடத்தில் சில நாட்கள், விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சத்தமில்லாமல் உட்காரப் பழக்குகிறார்கள். யார் ரொம்ப நேரம் அமைதியாக இருந்தார்களோ அவர்களுக்கு ஸ்டிக்கர். அவளுக்கு இரண்டு கிடைத்திருக்கிறது.

நண்பர் தள்ளுபடியில் முன்பே வாங்கி வைத்திருந்த கீமோட் குழாய் திருப்பிக் கொடுக்க முடியாமல் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. குழாய் மட்டும் துப்பாக்கி ஆகாது, சட்டப்படி அது வெறும் அலுமினியம். போன வாரம் மகள் அதை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"இது என்னப்பா?"

"கை சுடாம இருக்கறதுக்கு."

"யாரு கை?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாவித்துவாரத்தின் அகலமான பக்கத்தில் ஒவ்வொரு கிரேயானாக நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை உள்ளே விழுந்தது. தாள் சுற்றிய சிவப்பு பாதியில் மாட்டிக்கொண்டது.